கிட்டாருக்கு மட்டும்

ஆகஸ்ட் 4, திங்கள்

தீனா அண்ணா, உன் நோட்டில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை; எழுதிவைக்கும்படி எதையும் நான் செய்துவிடவும் இல்லை. இதை நீ படிக்கப்போவதில்லை என்ற தைரியம்தான்.

உன் கிட்டார் ஆம்ப்பை, அந்த ஒலிபெருக்கிப் பெட்டியை, இன்று பரணிலிருந்து இறக்கினேன். அதன் முதுகுப் பலகையின் இடைவெளிக்குள் இந்த நோட்டு செருகியிருந்தது. முதல் பக்கத்தில் உன் கையெழுத்து: ‘ஆன் பண்ணும் முன் வால்யூம் சைபர். வயரைப் பிடுங்கும் முன்னும் சைபர். மூணு பின் பிளக் மட்டும். சிவப்புப் பொத்தானைப் பாப்பா தொடக்கூடாது. இது கிட்டாருக்கு மட்டும், பாட்டுப் போடும் பெட்டி இல்லை.’ பாப்பா என்றால் நான்தான். கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு.

நான் அதில் பாட்டுப் போடப்போகிறேன். அப்பாவுக்காக.

ஜூன் பத்தொன்பதாம் தேதி காலை ஷிப்டில் அப்பா தறிக்கு நடுவில் விழுந்துவிட்டார். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. உன் பழைய எண்ணுக்கு பதினோரு முறை அழைத்தேன். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றே வருகிறது.

இப்போது அப்பாவிடம் மிச்சம் இருப்பது ஒரே சொல். ‘அதான்.’ பசித்தால் அதான். வலித்தால் அதான். கோபம் வந்தால் அதே சொல்லை உரக்க. அம்மா முதல் வாரத்தில், “கண்ணாலம் ஆன நாள்லருந்து நாஞ் சொன்னதுக்கு இப்பத்தான் ‘அதான்’னு ஒத்துக்கறாரு உங்கொப்பன்” என்று சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை தோறும் ஈரோட்டில் பேச்சுப் பயிற்சி. பயிற்சி கொடுக்கும் ஹெப்சிபா மேடம் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். பேச்சு போனவர்கள் சிலருக்குப் பாட்டு போகாது, பாட்டைப் பிடித்துக்கொண்டு சொல் வெளியே வரலாம் என்கிறார். முதல் ஆறு மாதத்தில் வருவதுதான் அதிகம் வரும். அதில் ஒன்றரை மாதம் போய்விட்டது.

“வீட்ல யாராவது தினமும் அவர் முன்னாடி உக்காந்து பாடணும். உங்களுக்குப் பாட வருமா?”

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

முப்பது வருடத் தறிச்சத்தத்தில் அப்பாவின் காது எப்படி இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். காதுக் கருவி மாட்டினால் இடதுகையால் பிடுங்கி எறிகிறார். போனில் வைத்தால் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு மயிலா அக்காவின் ப்ளூடூத் பெட்டியை வாங்கிவந்து வைத்தோம். “கொசு பாடற மாதிரியில்ல இருக்குது” என்றாள் அம்மா. அதனால்தான் உன் ஆம்ப்.

ஆகஸ்ட் 6, புதன்

போனிலிருந்து ஆம்ப்புக்குப் போட ஒரு வயர் வாங்கினேன். கடைக்காரரிடம் என்ன வேண்டும் என்று சரியாகச் சொல்லத் தெரியாமல், இரண்டு முனையையும் விரலால் அளவு காட்டினேன். “எதுக்கும்மா?” என்றார். அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று ஓட்டைப் பிளக் இல்லை. இரண்டு பின் அடாப்டர் மாட்டினேன். ஆன் செய்ததும் ‘ம்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். பெட்டியை மூடியிருந்த இரும்பைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. பாட்டைப் போட்டேன். தகரத்தைக் கல்லில் தேய்ப்பதுபோல் வந்தது. பாடுபவர் ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. கால்மணி நேரம் கழித்துத்தான், சத்தத்தை வேண்டுமென்றே கரகரக்கவைக்கும் அந்தச் சிவப்புப் பொத்தான் உள்ளே அழுந்தியிருப்பதைப் பார்த்தேன். சுவருக்கு அப்பாலிருந்து மயிலா அக்கா, “ஏன் கண்ணு கோகிலா, ஊட்டுக்குள்ள மாவு மில்லு போட்டுட்டயா?” என்று கத்தினாள்.

ஆகஸ்ட் 9, சனி

சிவப்புப் பொத்தானை வெளியே எடுத்தேன். கெயின் என்று போட்டிருந்த திருகைக் குறைத்தேன். பாட்டு பாட்டாக வந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தில் வைத்தேன். பார்க்கவில்லை. கேட்காதவருக்குக் கத்தித்தானே சொல்வோம், நம் வீட்டில் எல்லோரும் அப்படித்தானே. ஏழில் வைத்தேன்.

அப்பா இடதுகையால் இடது காதை மூடினார். வலது காதை மூடக் கை வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “அதான், அதான், அதான்” என்று கெஞ்சினார். நான் அவருக்குக் கேட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு முழுப் பாட்டையும் ஓடவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேடத்திடம் சனிக்கிழமை நடந்ததைச் சொன்னேன். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தறிக்காரங்க காது அப்படித்தான். சின்னச் சத்தம் உள்ளயே போகாது. பெரிய சத்தம் நம்மள விட அவருக்கு அதிகமா வலிக்கும். ரெண்டுக்கும் நடுவுல கதவுச் சந்து அளவுதான் இடம். சத்தம் வேற, தெளிவு வேற. அந்தச் சந்துக்குள்ள தெளிவா அனுப்பணும்.”

வீட்டுக்கு வந்து பேஸ் என்ற அடிச்சத்தத்தைக் குறைத்தேன், மிடில் என்ற நடுச்சத்தத்தைக் கூட்டினேன். உன் பெட்டி கிட்டாருக்காகச் செய்தது. அடிச்சத்தத்தை அது தாங்காது, உச்சியும் வராது. ஆனால் மனிதக் குரல் இருக்கும் நடுப்பகுதி நன்றாக வருகிறது. கட்டிலிலிருந்து நான்கடி தள்ளி ஸ்டூலில் வைத்து, வால்யூம் இரண்டே கால். அப்பா தலையைத் திருப்பினார். பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அது உன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நீ போனதிலிருந்து வீட்டில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. உன்னைப் பற்றி அப்பாவிடம் என் வாயால் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அன்றும் சரி, இன்றும் சரி.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஒரு பழைய பாட்டுக்கு அப்பா முனகினார். சொல் இல்லை, ராகமும் இல்லை. ஆனால் பாட்டு நின்றபோது முனகலும் நின்றது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாமக்கல்லில் வேலைக்கு நேர்காணல். போகவில்லை. மழை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

“நீங்க கூடப் பாடறீங்களா?” என்று மேடம் கேட்டார். பாடுகிறேன் என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். வரும் வழியில் பஸ்ஸில், “நேத்து எங்க மழ பேஞ்சுது? எனக்குத் தெரியலியே” என்றாள்.

நம் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் “நூறாயுசு” என்பார்கள். கல்லூரியில் மூன்று வருடம் செமினார் நாளில் எனக்குக் காய்ச்சல் வரும். நான் பாடுவதைவிடப் பெட்டி பாடுவது அப்பாவுக்கும் நல்லதுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

உன் முதல் பக்கத்தை மறந்துவிட்டேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நன்றாகக் கேட்கட்டும் என்று போனின் சத்தத்தை முழுதாக வைத்து ஆம்ப்பில் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன். அப்போது நாமக்கல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ரிங் முழுவதும் ஆம்ப் வழியாக. அப்பா கட்டிலிலிருந்து தூக்கிப் போட்டதுபோல் துள்ளினார். நிறுத்தத் தெரியாமல் வயரைப் பிடுங்கினேன். வால்யூமைக் குறைக்காமல்.

டம்மென்று வெடித்தது. வெடி மாதிரி என்று எழுதுவது பொய், வெடியேதான். பெட்டி ஆடியது. அப்பா கட்டிலில் நனைத்துவிட்டார். என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அறுபத்திரண்டு வயது மனிதர். தறிப் பட்டறையில் அவர் வந்தால் பீடியை மறைப்பார்கள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

இரண்டு வாய் கஞ்சி. மூன்றாவதைத் துப்பினார். “அதான்” கூட இல்லை.

ஆம்ப்பை ஆன் செய்து பார்த்தேன். எது போட்டாலும் விட்டில்பூச்சி கண்ணாடியில் அடித்துக்கொள்வதுபோல் உள்ளே ஒன்று படபடக்கிறது. உன் பொருளையும் கெடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எடை பார்த்தார்கள். ஜூனிலிருந்து ஒன்பது கிலோ குறைந்திருக்கிறார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். குழாய் போட்டால் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்க நினைத்தேன். வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள்.

ஹெப்சிபா மேடம் அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூட்டிப்போனார்.

“அவருக்குப் புரியாம இல்ல. எல்லாம் புரியுது. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டு இருக்காரு. அதுக்குள்ள ஏதாவது செய்யுங்க.”

“என்ன செய்யட்டுங்க மேடம்?”

“அவருக்குன்னு ஒரு பாட்டு இருக்கும். எல்லாருக்கும் பிடிச்ச பாட்டு இல்ல, அவரோடது. அத கண்டுபிடிங்க.”

அம்மாவைக் கேட்டேன். “அவரு எங்க பாடுனாரு? பட்டறைக்குள்ள வாயசைப்பாரு. அந்த எரைச்சல்ல என்ன பாடுறாருன்னு பக்கத்துத் தறிக்காரனுக்கே கேக்காது” என்றாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆம்ப்பைத் துணியில் கட்டி பஸ்ஸில் எடுத்துப்போனேன், ஈரோடு சாதிக் பாய் சவுண்டு சர்வீசுக்கு. நீ அங்கேதான் கிடப்பாய் என்று அம்மா திட்டுவாளே, அந்தக் கடை. பெயரைச் சொல்லும் முன்பே, “தீனா தங்கச்சிதான? மூக்கே சொல்லுது” என்றார்.

அப்பாவின் கட்டில் பக்கத்தில் வைத்துப் பாட்டுப் போட்டதைச் சொன்னேன். முதுகைத் திறந்தவர் அடாப்டரைத் தூக்கிக் காட்டினார். “இத யாரும்மா மாட்டுனது?”

“நானுங்க.”

“படிச்ச புள்ளைதான? எர்த்து இல்லாத பெட்டிய இரும்புக் கட்டில்கிட்ட வெச்சிருக்கே. விரல்ல சுருசுருங்குச்சா?”

“ம்.”

“அதுவே வந்து சொல்லிருக்குது. நீதான் கேக்கல.”

ஸ்பீக்கரின் காகித விளிம்பு ஒட்டு விட்டிருந்தது. ஒட்டிக்கொண்டே பேசினார். போனை ஃப்ளைட் மோடில் போடு. போன் சத்தம் பாதிக்கு மேல் போகக்கூடாது. வயரை மாட்டுவதும் கழற்றுவதும் வால்யூம் சைபரில். பறை, உருமி மாதிரி அடிபலமான பாட்டெல்லாம் இதில் வேண்டாம், பேப்பர் கிழிந்துவிடும். கரகரத்தால் அது பெட்டி அழுகிறது என்று அர்த்தம், உடனே குறை. உன் முதல் பக்கத்தையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார்.

பிறகு பெட்டிக்குள் டேப் போட்டு ஒட்டியிருந்த ஒரு மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தார். “இத எங்கிட்டக்கூடக் காட்டுனதில்ல படுபாவி.”

நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவரே சொன்னார். “பெங்களூர்ல ஒரு ஓட்டல்ல வாசிக்கிறான். நம்பர் யாருக்கும் குடுக்காதன்னு சொல்லிருக்கான். அட்ரஸக் குடுக்காதன்னு சொல்லல.” சிரித்துக்கொண்டே பில் சீட்டின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஞாயிறு என்பதால் தறிகள் நின்றிருந்தன. வீதி அமைதியாக இருந்தது. கார்டைப் போனில் போட்டேன். ‘அப்பா 1’, ‘அப்பா 2’, ‘அப்பா 3’. முதல் இரண்டும் திறக்கவில்லை. புதிதாகப் போட்ட மூன்று ஓட்டைப் பிளக், ஃப்ளைட் மோடு, வால்யூம் சைபர். எல்லாம் சரிபார்த்து, மெல்ல மெல்ல ஏற்றி இரண்டுக்கு வந்தேன்.

கிட்டார் மட்டும். பாட்டு வரும் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பாட ஆளில்லாமல் கிட்டார் போய்க்கொண்டே இருந்தது. தறியின் ஓட்டம் அதில் இருந்தது, அந்த அடி எனக்குத் தெரியும்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் முதுகு அசைந்தது. பிறகு குரல். ஆணி அடித்த பெட்டியைத் திறப்பதுபோல் ஒரு குரல்.

“ஓடுற... நாடாவே...”

தறியில் நூலோடு அங்கும் இங்கும் ஓடும் அந்த நாடா. நான் அசையவில்லை. கிட்டார் முன்னால் ஓடிவிட்டது. அடுத்த சுற்று வந்தபோது அப்பா காத்திருந்து பிடித்தார்.

“ஓடுற நாடாவே... எங்க போயி... சேர...”

அம்மா கையில் நூல் சுற்றும் தார்க்குச்சியோடு அடுக்களை வாசலில் நின்றாள். குச்சி கீழே விழுந்தது. இருவரும் பொறுக்கவில்லை.

மாலை அரை டம்ளர் பால் குடித்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

சாதிக் பாயிடம் போனில் கேட்டேன், ஏன் குரல் இல்லை என்று. வயரைக் கொண்டுவரச் சொன்னார்.

“இது ரெண்டு பக்கம் ஓடற வயரு. கிட்டார் பொந்துக்கு ஒரு பக்கம் போதும். அதனால ஒரு பக்கம் கேக்குது, இன்னொரு பக்கம் உள்ளயே முட்டி நிக்குது. ஒன்ற போனுக்கும் கேடு. உங்கண்ணன் கிட்டாரை ஒரு பக்கமும் பாட்டை மறுபக்கமும் பதிஞ்சிருக்கான்.”

இரண்டு பக்கத்தையும் முறையாகச் சேர்த்து உள்ளே சின்ன உருப்படிகள் வைத்து வேறு வயர் செய்து கொடுத்தார். அவர் கடையிலேயே போட்டுப் பார்த்தோம். உன் குரல் வந்தது.

‘ஓடுற நாடாவே, எங்க போயி சேரப்போற?
அக்கரைக்கும் இக்கரைக்கும் அலஞ்சு என்ன காணப்போற?
இந்தப் பக்கம் வந்தப்போ ஒரு வார்த்த சொல்லிப் போ...’

இது அப்பாவின் பாட்டு. தறிச்சத்தத்துக்குள் முப்பது வருடம் யாருக்கும் கேட்காமல் பாடிய பாட்டு. நீ சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும்போது அவர் உதட்டைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறாய். அவருக்குப் போட்டுக் காட்டாமல் பெட்டிக்குள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

சாதிக் பாய் கண்ணாடியைத் துடைத்தார். “நல்லாத்தான் பாடிருக்கான் எருமை” என்றார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் உன் குரலோடு போட்டேன். அப்பா பாடவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டார். முடிந்ததும் பெட்டியைக் காட்டி “அதான்... அதான்...” என்றார். மறுபடி போட்டேன். மறுபடி கேட்டார். அழுதார். ஆறு முறை. ஒரு சொல்கூட வரவில்லை.

“குரல் இருந்தா அவர் கேக்கறவரா ஆயிடறாரு. குரல் இல்லேன்னா பாடறவரா இருக்காரு. அந்தக் காலியான எடந்தான் அவருக்கு வேணும்” என்றார் ஹெப்சிபா மேடம். போன் செட்டிங்கில் ஒரு பக்கத்தை மட்டும் வைக்க வழி காட்டினார். புது வயரோடு இப்போது கிட்டார் மட்டும் கேட்கிறது, கெடுதல் இல்லாமல்.

செப்டம்பர் 5, வெள்ளி

முதல் வரி வருகிறது. இரண்டாவதில் ‘அக்கரைக்கும்’ வரை. அதற்குள் கிட்டார் நான்காவது வரிக்குப் போய்விடுகிறது. தறி வேகத்தில் வாசித்திருக்கிறாய். அவர் வாயால் இப்போது அந்த வேகத்துக்கு ஓட முடியாது. போனில் வேகத்தைக் குறைத்தால் கிட்டார் தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் குழைகிறது, அப்பாவுக்கு எங்கே தொடங்குவது என்று பிடிபடவில்லை.

நானே மெதுவாகப் பாடிக்காட்டினேன். ஆமாம், பாடினேன். கோகிலவாணி என்று பெயர் வைத்தார்கள், குரல் பூனைக்குப் பிறந்ததுபோல் இருக்கிறது. சுவருக்கு அப்பால் மயிலா அக்கா எதுவும் சொல்லவில்லை. அது திட்டுவதைவிடப் பயமாக இருந்தது. ஆனால் நான் பாடினால் அப்பா கேட்கிறார், அவ்வளவுதான். அவருக்கு வேண்டியது கிட்டாரும் காலியிடமும்.

செப்டம்பர் 6, சனி

இன்று ஏழு தடவை. ஏழிலும் ‘அக்கரைக்கும்’ தாண்டவில்லை. கடைசியில் இடதுகையால் தன் தொடையில் ஓங்கி ஓங்கிக் குத்தினார். அம்மாவும் நானும் சேர்ந்து பிடித்தும் நிற்கவில்லை. சாயங்காலம் பாலைத் தட்டிவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மறுபடி எடை பார்ப்பார்கள். குழாயைப் பற்றி முடிவு செய்வார்கள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

நோட்டை இன்றிரவே பெங்களூர் பஸ்ஸில் பார்சலாகப் போடுகிறேன். அதனால் இதில் உள்ள பொய்யைத் திருத்த வேண்டும்.

உன்னைப் பற்றி அப்பாவிடம் என் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறேன். வாயால் சொல்லவில்லைதான். போன வருடம் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா என்னிடம், “உன்ற அண்ணன் காலேசுக்குப் போறானா?” என்று கேட்டார். நீ நான்கு மாதமாகப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். நான் இரண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்துக் காட்டினேன். பட்டறையில், தறி நின்றுவிட்டது என்பதற்குக் காட்டுவார்களே, அது. அப்பா சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்தார். பிறகு நீ வீட்டைவிட்டுப் போகும்வரை நடந்தது உனக்குத் தெரியும். மயிலா அக்காதான் சொல்லியிருப்பாள் என்று நீ அவளோடு சண்டை போட்டாய். நான் உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்காததால் நான் சொல்லவில்லை என்று ஒரு வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் காட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் முதலில் பட்டம் வாங்குவது நீ என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் வாங்கினேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நாமக்கல் பஸ்கூட ஏறவில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. வீட்டுக்கு வா என்றும் கேட்கவில்லை. அது அப்பா கேட்க வேண்டியது, அவரால் இப்போது கேட்க முடியாது. உன் பெட்டியைக் கெடுத்தேன், ஒட்டிவிட்டார்கள், நன்றாக இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். சாதிக் பாய் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவருக்கு அனுப்பினால் போதும்.

அதே பாட்டைக் கிட்டாரில் மட்டும் வாசித்து அனுப்பு அண்ணா. நீ பாட வேண்டாம். பாதி வேகம்கூட வேண்டாம், அதிலும் பாதி போதும். ‘அக்கரைக்கும்’ என்ற இடம் வந்ததும் விரலை எடுத்துவிட்டு நீயே ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டுப் பார். அவ்வளவு நேரம் காத்திரு. அப்புறம் அடுத்ததை வாசி. உனக்குச் சகிக்காத அளவுக்கு மெதுவாக, அண்ணா. திங்களே கிடைத்தால், செவ்வாய்க்கு முன்னால்.